‘அரிது’ என்ற சொல்லைச் சரியாகப் படிப்போம்

மாணவர்களே, இதயத்தை வரைந்து பாகங்களின் பெயர்களைக் குறிக்கச் சொன்னால் உங்களில் பலர் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவீர்கள். மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை, நடுவில் ஒரு சுவர். வலப்பக்கத்துக்கு நீலம், இடப்பக்கத்துக்குச் சிவப்பு. நீலமும் சிவப்பும் எங்கேயும் கலக்கக்கூடாது. கலக்காமல் வரைந்தால் முழு மதிப்பெண்.

அந்தப் படத்தில் தவறில்லை. ஆனால் அது எந்தக் குறையும் இல்லாமல் கட்டி முடிக்கப்பட்ட ஓர் இதயத்தின் படம். எல்லாருடைய இதயமும் அப்படியே முடிவதில்லை. சிலருக்கு நடுச்சுவரில் ஒரு சிறு வழி திறந்தே இருக்கும். வெகு சிலருக்கு மேலறைக்குள் தேவையில்லாத ஒரு தடுப்பு இருக்கும். இவர்களில் பலர் வாழ்நாள் முழுவதும் ஒரு தொல்லையும் இல்லாமல் இருப்பார்கள். ஆனால் சில நேரங்களில், இதயத்தில் உள்ள இந்தச் சிறு வேறுபாட்டுக்கு மூளை விலை கொடுக்கிறது. இருபது, முப்பது வயதில் பக்கவாதம் வருகிறது.

“அதெல்லாம் அரிது டீச்சர்” என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் ‘அரிது’ என்ற சொல்லை நாம் இரண்டு விதமாகத் தவறாகப் படிக்கிறோம். ஒரு சாரார் அதை ‘நடக்காது’ என்று படிக்கிறார்கள். இன்னொரு சாரார் அதைக் கேட்டவுடன் ‘எனக்கும் இருக்குமோ’ என்று பயந்து போகிறார்கள். இரண்டுமே ஆபத்து. அந்தச் சொல்லை எப்படிச் சரியாகப் படிப்பது என்பதைத்தான் இந்த வாரம் உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

காற்று செய்த வேலையா?

முதலில் நோயின் பெயரைப் பாருங்கள். தமிழில் பக்கவாதம் என்கிறோம். ‘வாதம்’ என்பது நம் பழைய மருத்துவத்தில் காற்றைக் குறிக்கும் சொல். மலாயில் ‘அங்கின் அஹ்மார்’, அதாவது சிவப்புக் காற்று என்பார்கள். இரண்டு மொழியிலும் பழி காற்றின் மேல்தான். அதனால்தானோ என்னவோ, ஒருவருக்குத் திடீரென்று கை மரத்துப் போனால் நம் வீடுகளில் முதலில் கை போவது ‘மின்யாக் அங்கின்’ புட்டிக்கு.

இது காற்றின் வேலை அல்ல, இரத்தத்தின் வேலை. நம் உடல் எடையில் மூளையின் பங்கு ஏறக்குறைய 2 விழுக்காடுதான். ஆனால் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. அதனிடம் சேமிப்புக் கிடங்கு எதுவும் இல்லை. மூளைக்குப் போகும் ஓர் இரத்தக் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ அந்தப் பகுதி உடனே செயல் இழக்கத் தொடங்கும். அதுதான் பக்கவாதம். அடைப்பினால் வருவதே அதிகம்.

அந்த அடைப்பு எங்கிருந்து வருகிறது? மூளைக் குழாயிலேயே உருவாகலாம். கழுத்துக் குழாயிலிருந்து வரலாம். இதயத்திலிருந்தோ, இதயத்தின் வழியாகவோ வரலாம். நாம் பார்க்கப் போவது இந்தக் கடைசி வழியை.

நுரையீரல் என்னும் சல்லடை

நெடுநேரம் அசையாமல் இருப்பவரின் காலில், சிரைக்குள் இரத்தம் மெதுவாக ஓடும். மெதுவாக ஓடும் இரத்தம் உறையும் வாய்ப்பு கூடும். அப்படி ஒரு சிறிய இரத்தக்கட்டி உருவாகி, பிய்ந்து, ஓட்டத்தோடு கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அது எங்கே போகும்?

நீங்கள் படித்த இரட்டைச் சுற்றோட்டத்தை நினைத்துப் பாருங்கள். சிரை வழியாக வலது மேலறை, அங்கிருந்து வலது கீழறை, அடுத்து நுரையீரல். நுரையீரலின் நுண்குழாய்கள் மிக மெல்லியவை. கட்டி அங்கே சிக்கிக்கொள்ளும். பெரிய கட்டியாக இருந்தால் அதுவே உயிருக்கு ஆபத்து. சின்னஞ்சிறு கட்டிகளை நுரையீரல் பெரும்பாலும் மெல்லக் கரைத்துவிடும். ஆக, நுரையீரல் மூச்சு விடும் உறுப்பு மட்டுமல்ல, மூளைக்கு முன்னால் நிற்கும் ஒரு சல்லடையும்கூட. சுவர் முழுமையாக இருந்தால் காலில் கிளம்பிய கட்டி மூளைக்குப் போக முடியாது.

சுவரில் வழி இருந்தால்?

பிறக்கும் முன் எல்லாருக்கும் ஓட்டை

உங்களுக்கு ஒரு செய்தி சொல்கிறேன். நீங்கள் தாயின் வயிற்றில் இருந்தபோது உங்கள் இதயத்தின் நடுச்சுவரில் ஓட்டை இருந்தது. எனக்கும் இருந்தது. கருவில் இருக்கும் குழந்தை மூச்சு விடுவதில்லை. ஆக்சிஜன் தொப்புள்கொடி வழியாகவே வருகிறது. அதனால் நுரையீரலுக்கு அதிக இரத்தத்தை அனுப்ப வேண்டிய தேவையில்லை. வலது மேலறைக்கு வரும் இரத்தத்தில் ஒரு பகுதி ஒரு முட்டை வடிவத் துளை வழியாக நேராக இடது மேலறைக்குப் போகிறது. லத்தீனில் அதன் பெயர் ‘ஃபோராமென் ஓவாலே’. பொருளும் முட்டை வடிவத் துளை என்பதுதான்.

குழந்தை பிறந்து முதல் மூச்சை இழுக்கிறது. நுரையீரல் விரிகிறது. அங்கிருந்து இடது மேலறைக்கு வரும் இரத்தம் கூடுகிறது. அங்கே அழுத்தமும் கூடுகிறது. துளையின் ஓரத்தில் கதவு போல இருக்கும் மெல்லிய தோலை அந்த அழுத்தம் தள்ளிச் சாத்துகிறது. பிறகு அது சுவரோடு ஒட்டி மூடிக்கொள்கிறது. ஆனால் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அது முழுமையாக ஒட்டுவதில்லை. கதவு சாத்தியிருக்கும், தாழ்ப்பாள் மட்டும் போட்டிருக்காது. பலமாக இருமும்போதோ, மூச்சை அடக்கிப் பளு தூக்கும்போதோ வலப்பக்க அழுத்தம் ஒரு கணம் கூடும். அப்போது கதவு சற்றே திறக்கும். சரியாக அந்தக் கணத்தில் ஓர் இரத்தக்கட்டியும் அங்கே வந்து சேர்ந்தால், அது சல்லடையைத் தாண்டி இடப்பக்கம் போய்விடும். இடப்பக்கத்திலிருந்து மூளைக்கு நேர்வழி.

1877-ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய நோயியல் அறிஞர் ஜூலியஸ் கோன்ஹைம் இதைச் சுட்டிக்காட்டினார். 35 வயதுப் பெண் ஒருவர் மூளைக் குழாய் அடைப்பினால் இறந்திருந்தார். கால் சிரையில் இரத்தக்கட்டி இருந்தது. இதயத்தின் நடுச்சுவரில் துளையும் இருந்தது. காலில் கிளம்பிய கட்டி மூளைக்குப் போன வழியை அவர் புரிந்துகொண்டார். இதயத்துக்குள் பார்க்கும் ஸ்கேன் கருவி எதுவும் இல்லாத காலம் அது.

நம் காலத்துக்கு வருவோம். டெடி புரூஸ்கி அமெரிக்கக் காற்பந்து ஆட்டக்காரர். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் குழுவுக்கு ஆடியவர். 2005 பிப்ரவரியில், தம் குழு வெற்றியாளர் பட்டம் வென்ற சில நாட்களில், அவருக்குப் பக்கவாதம் வந்தது. வயது 31. உடல் பலத்துக்கு அவரிடம் எந்தக் குறையும் இல்லை. இரவில் விழித்தபோது உடலின் இடப்பக்கம் மரத்திருந்தது. ஆடிய களைப்பு என்று நினைத்தார். பிறகு இடப்பக்கப் பார்வையும் போனது. அதன் பின்னர்தான் ஆம்புலன்ஸ் அழைக்கப்பட்டது. இதயத்தில் துளை இருப்பது மருத்துவமனையில் தெரிந்தது. ஒரு சிறு கருவியால் துளை மூடப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் அவர் மீண்டும் திடலில் இறங்கினார்.

‘ஆடிய களைப்பு’ என்ற அந்த எண்ணத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வருவோம்.

இதைவிட அரியவை

துளை நான்கில் ஒருவருக்கு உண்டு. உண்மையிலேயே அரிய அமைப்புகளும் இருக்கின்றன. ‘கோர் ட்ரையாட்ரியாட்டம்’ என்று ஒன்று. மூன்று மேலறை கொண்ட இதயம் என்று பொருள். இடது மேலறைக்குள் ஒரு மெல்லிய தடுப்பு வளர்ந்து அதை இரண்டாகப் பிரித்துவிடும். 1868-இலேயே மருத்துவ உலகம் இதை விவரித்துவிட்டது. தடுப்பில் உள்ள திறப்பு மிகச் சிறியதாக இருந்தால் குழந்தைப் பருவத்திலேயே மூச்சுத் திணறல் வந்து தெரிந்துவிடும். திறப்பு பெரியதாக இருந்தால் அந்தக் குழந்தை வளர்ந்து, பள்ளி முடித்து, வேலைக்குப் போகும் வரைகூட யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். தடுப்புக்குப் பின்னால் இரத்தம் தேங்குவதால் அங்கே கட்டி உருவாக வாய்ப்புண்டு. அது இடப்பக்கத்திலேயே உருவாகும் கட்டி. எந்தச் சல்லடையும் இல்லாமல் மூளைக்குப் போகக்கூடியது.

இன்னொன்று, இடது கீழறையின் உட்சுவர் இறுகிய தசையாக இல்லாமல் கடற்பஞ்சு போல இருப்பது. பஞ்சின் இடுக்குகளில் இரத்தம் தேங்கும். இதயம் வலுவிழந்தால் தேக்கம் மேலும் கூடும்.

இரத்தம் தேங்கினால் ஏன் உறைய வேண்டும்? உறைவதற்கான புரதங்கள் நம் இரத்தத்தில் எப்போதும் உண்டு. வேகமான ஓட்டம் அவற்றை ஓரிடத்தில் சேரவிடாது. ஓட்டம் தளர்ந்தால் அவை சேர்ந்து, ஃபைப்ரின் என்ற நூல் வலையைப் பின்னத் தொடங்கும். காயத்தை மூடி நம்மைக் காப்பாற்றும் அதே வலை, இதயத்துக்குள் பின்னப்பட்டால் ஆளையே சாய்த்துவிடும்.

இப்போது ஒரு கணக்கு. பிறக்கும் நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்றுக்குப் பிறவி இதயக் குறை ஏதாவது இருக்கும். அப்படிப்பட்டவர்களில் 0.1 முதல் 0.4 விழுக்காட்டினருக்குத்தான் மூன்று மேலறை இதயம். 2023-இல் மலேசியாவில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. நான்கு லட்சத்தில் நூற்றில் ஒரு பங்கு 4,000. அதில் 0.1 விழுக்காடு 4; 0.4 விழுக்காடு 16. தோராயக் கணக்குதான். ஆனாலும் விடை பூச்சியம் இல்லை. ஓர் ஆண்டில் நான்கு பேர் என்றாலும் அந்த நால்வருக்கும் பெயர் உண்டு, வீடு உண்டு, ஒரு நாள் அவர்கள் உட்காரப் போகும் வகுப்பறை உண்டு.

‘அரிது’ என்றால் ‘நடக்காது’ என்று படிப்பவர்களுக்கு இந்தக் கணக்கே பதில்.

அப்படியானால் எல்லாரும் ஸ்கேன் எடுக்கலாமா?

வேண்டாம். பயந்து படிப்பவர்களுக்கு இப்போது பதில் சொல்கிறேன். நாற்பது பேர் உள்ள வகுப்பில் சராசரியாகப் பத்துப் பேருக்கு அந்த முட்டை வடிவத் துளை முழுமையாக மூடாமல் இருக்கும். அந்தப் பத்துப் பேரும் நோயாளிகளா? இல்லை. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அதனால் எதுவும் நடக்காது. எல்லாரையும் சோதித்தால் பத்துப் பிள்ளைகளையும் அவர்களின் பெற்றோரையும் தூங்கவிடாமல் செய்வதுதான் மிச்சம்.

சோதனை வழி இல்லாமல் இல்லை. அது அழகான ஒரு சோதனை. நுண்ணிய காற்றுக் குமிழ்கள் கலந்த உப்புநீரைக் கைச் சிரையில் செலுத்தி, இதயத்தை ஒலி அலை ஸ்கேனில் பார்ப்பார்கள். குமிழ்கள் வலப்பக்கம் வந்து, நுரையீரல் சல்லடையில் சிக்கிக் காணாமல் போக வேண்டும். மூன்று துடிப்புக்குள் இடப்பக்கத்திலும் குமிழ்கள் தோன்றினால் சுவரில் வழி இருக்கிறது என்று சந்தேகிப்பார்கள். பக்கவாதம் வந்த ஓர் இளையவருக்கு, வேறு காரணம் எதுவும் கிடைக்காதபோது, இந்தச் சோதனை பொருளுள்ளது.

துளை இருந்தால் அதை அடைப்பதா என்ற கேள்விக்கும் அவசரமாக விடை கிடைக்கவில்லை. துளை இருக்கிறது, பக்கவாதமும் வந்திருக்கிறது என்பதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. நான்கில் ஒருவருக்கு உள்ள ஒன்று, வேறு காரணத்தால் பக்கவாதம் வந்தவரிடமும் இருக்கத்தானே செய்யும்? 2012-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, துளையை அடைத்ததால் குறிப்பிடத்தக்க பலன் கிடைக்கவில்லை என்றது. 2017-இல் வெளிவந்த மூன்று ஆய்வுகள், 60 வயதுக்கு உட்பட்ட, கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு அடைப்பது மறுபடியும் பக்கவாதம் வருவதைக் குறைக்கிறது என்று காட்டின. கூடவே, அடைத்தவர்களில் சிலருக்கு இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுவதையும் அந்த ஆய்வுகள் மறைக்காமல் சொல்லின. அறிவியல் இப்படித்தான் நடக்கிறது: யாருக்கு, எப்போது, எந்த விலையில் என்று கேட்டுக் கேட்டு.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். பக்கவாதத்துக்கு மிகப் பெரிய காரணங்கள் இன்றும் உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைபிடித்தல் போன்றவைதாம். அரியதைப் படிப்பது, பரவலாக உள்ளதை மறப்பதற்கு அல்ல.

எஸ்பிஎம் தேர்வில் வருமா?

அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். “டீச்சர், இது எஸ்பிஎம்-இல் வருமா?” இதயத்தின் பாகங்கள் வரும். மூன்று மேலறை இதயம் வராது. ஆனாலும் ஏன் படிக்கச் சொல்கிறேன்?

புரூஸ்கியின் ‘ஆடிய களைப்பு’க்கு இப்போது வருவோம். இளையவர்களுக்குப் பக்கவாதம் வரும்போது அவர்களுக்கு நேரும் பெரிய கெடுதல் பல சமயங்களில் அவர்களின் வயதுதான். வயதைப் பார்த்து யாரும் நம்புவதில்லை. பேச்சு குழறினால் குடித்திருக்கிறான் என்பார்கள். ஒருபக்கம் மரத்தால் கையை மடக்கித் தூங்கியிருப்பாய் என்பார்கள். தடுமாறினால் தூக்கம் கெட்டுவிட்டது, போய்ப் படு என்பார்கள். ‘இந்த வயதில் பக்கவாதம் வராது’ என்ற ஒரே நம்பிக்கையில் மணிக்கணக்கில் நேரம் போய்விடும்.

அந்த நேரத்தின் விலை என்ன தெரியுமா? மூளையின் பெரிய குழாய் ஒன்று அடைபட்டுச் சிகிச்சை கிடைக்காமல் இருந்தால், ஒரு நிமிடத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக, அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். கட்டியை மெல்லிய குழாய் விட்டு எடுக்கும் சிகிச்சை சிலருக்கு அதற்குப் பிறகும் உதவும். ஆனால் எல்லாவற்றிலும் முந்தியவருக்கே பலன் அதிகம்.

ஆகவே, யாருடைய இதயத்தில் என்ன வேறுபாடு இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. எந்த வயதிலும் பக்கவாதம் வரலாம் என்பது தெரிந்தால் போதும். பார்க்க வேண்டியவை மூன்று.

முகம்: சிரிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் தொங்குகிறதா?
கை: இரண்டு கைகளையும் தூக்கச் சொல்லுங்கள். ஒன்று கீழே இறங்குகிறதா?
பேச்சு: ஓர் எளிய வாக்கியத்தைச் சொல்லச் சொல்லுங்கள். குழறுகிறதா?

ஒன்று இருந்தாலும் 999-ஐ அழையுங்கள். சிங்கப்பூரில் இருந்தால் 995. திடீரென்று பார்வை போவதும், காரணமில்லாமல் நிலை தடுமாறுவதும்கூட அறிகுறிகளே. தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் அது ஒன்று. பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும். அது பெரிய தாக்குதலுக்கு முன்வரும் எச்சரிக்கையாக இருக்கலாம்.

செய்யக்கூடாதவையும் உண்டு. தண்ணீரோ உணவோ கொடுக்காதீர்கள். விழுங்க முடியாமல் மூச்சுக்குழாய்க்குள் போகலாம். நீங்களாக ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். அடைப்பா இரத்தக் கசிவா என்பது ஸ்கேன் எடுக்காமல் தெரியாது. ஊசியால் பத்து விரல் நுனிகளையும் குத்தி இரத்தம் எடுக்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி பல ஆண்டுகளாகச் சுற்றி வருகிறது. விரல் நுனியில் இரண்டு சொட்டு இரத்தம் வந்தால் மூளைக்குள் உள்ள அடைப்பு எப்படித் திறக்கும்? சுற்றோட்டம் படித்த நீங்கள் இந்தக் கேள்வியைக் குடும்பக் குழுவில் கேட்க வேண்டும்.

என் கருத்து

நம் பள்ளிகளில் தீ விபத்துப் பயிற்சி நடத்துகிறோம். பள்ளி தீப்பிடிப்பது அரிது என்பதால் அதை யாரும் விட்டுவிடுவதில்லை. தீப்பிடித்தால் யோசிக்க நேரம் இருக்காது என்பதால்தான் முன்கூட்டியே பழகுகிறோம். பக்கவாதத்துக்கும் இதே நியாயம் பொருந்தும். இதயப் பாடம் நடக்கும் வாரத்தில் முகம், கை, பேச்சு என்ற மூன்றையும் ஒரு முறை வகுப்பில் செய்து பார்க்கலாம். ஐந்து நிமிடம் போதும். செம்பிறைச் சங்கத்திலும் செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ் படையிலும் இருக்கும் மாணவர்கள் இதை முன்னின்று நடத்தலாம். இதயப் படத்திலும் நடுச்சுவரில் ஒரு புள்ளிக்கோடு போட்டு, ‘பிறக்கும் முன் இங்கே துளை இருந்தது, நான்கில் ஒருவருக்கு முழுமையாக மூடுவதில்லை’ என்று எழுதிக்கொள்ளுங்கள். மதிப்பெண் கூடாது. புரிதல் கூடும்.

உங்களுக்கு மட்டுமே உள்ள ஒரு பொறுப்பையும் சொல்கிறேன். நம் வீடுகளில் பாட்டியோடும் தாத்தாவோடும் கிளினிக்குக்குப் போய், மருத்துவர் மலாயிலோ ஆங்கிலத்திலோ சொல்வதைத் தமிழில் சொல்வது பல நேரங்களில் நீங்கள்தான். நாளை உங்கள் அண்ணனுக்கோ மாமாவுக்கோ இளவயதில் பக்கவாதம் வந்தால் ‘காரணம் தெரியவில்லை’ என்ற சொல்லைக் கேட்கப் போவதும் நீங்களாக இருக்கலாம். அப்போது மரியாதையோடு ஒரு கேள்வி கேளுங்கள்: “டாக்டர், இதயத்தையும் பார்த்தீர்களா?” மருத்துவர் பெரும்பாலும் ஏற்கெனவே பார்த்திருப்பார். ஆனாலும் அதைக் கேட்கத் தெரிந்த ஒருவர் குடும்பத்தில் இருப்பது நல்லது.

அரிது என்றால், பலருக்கு நடக்காது, சிலருக்கு நடக்கும், அந்தச் சிலர் யார் என்று முன்கூட்டித் தெரியாது. அந்தச் சொல்லில் அவ்வளவுதான் இருக்கிறது. இன்று இரவு சாப்பிடும்போது வீட்டில் இருப்பவர்களிடம் அந்த மூன்று சோதனைகளையும் சொல்லிக் கொடுங்கள். தங்கைக்கும் தம்பிக்கும்கூட 999 மனப்பாடமாக இருக்கட்டும்.